பழைய சிந்தசைசரில் பேட்டரியை எடுத்துவிட்டு எஃப்ராம் சிப் போடலாமா?

போடலாம், நான் போட்டிருக்கிறேன். எஃப்ராம் என்பது மின்சாரமே இல்லாமல் தகவலை வைத்திருக்கும் நினைவகச் சிப். ஆனால் எல்லாக் கருவிக்கும் அது தேவைப்படாது.

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் இருக்கும் 32 ஒலிகளும் சேர்ந்து வெறும் 4096 பைட்தான். அவை இருப்பது எஸ்ராமில், அதாவது மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் நினைவகச் சிப்பில். கருவியை அணைத்த பிறகு அதைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே சால்டர் செய்த 3 வோல்ட் லித்தியம் செல். அந்தச் சிப் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஒரு செல் பல வருடம் வரும். இப்படிப்பட்ட கருவியில் செல்லை எடுத்துவிட்டு ஒரு ஹோல்டர் வைத்து சிஆர்2032 போட்டாலே போதும். அதற்கு முன் மிடி கேபிள் வழியாக சிஸெக்ஸ் டம்ப் (எல்லா ஒலிகளின் தரவு நகல்) கணினியில் எடுத்து வையுங்கள். யாரோ உட்கார்ந்து உருவாக்கிய ஒலிகள் அவை, போனால் திரும்ப வராது.

கோர்க் பாலிசிக்ஸ் வேறு கதை. அதில் இருப்பது நிக்கல் காட்மியம் பேட்டரி. அது கசிந்து போர்டின் டிரேஸ்களையே (செம்புக் கோடுகளையே) அரித்துவிடும். அதை எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும். எஃப்ராம் மீது எனக்கு ஆசை வந்ததே இதனால்தான்: கசிய ஒன்றும் இல்லை.

சரி, சிக்கல் எங்கே? 28 பின் கொண்ட 6264 எஸ்ராமுக்குப் பதிலாக எஃப்எம்16டபிள்யூ08 என்ற எஃப்ராம் சிப்பைப் போடலாம், பின் வரிசை ஒத்துப்போகும்; ஆனால் அது சிறிய எஸ்ஓஐசி உறையில் வருவதால் டிஐபி இடத்தில் உட்கார ஒரு அடாப்டர் போர்டு வேண்டும். தவிர, இரண்டும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. எஸ்ராமில் சிப் எனேபிள் பின்னை (சிப்பை வேலை செய்ய வைக்கும் காலை) கீழேயே, அதாவது குறைந்த மின்னழுத்தத்திலேயே வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றிப் படிக்கலாம். எஃப்ராம், சிப் எனேபிள் மேலிருந்து கீழே இறங்கும் நொடியில்தான் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். நான் முதலில் மாற்றிய கருவியில் எந்த பேட்சைத் (சேமித்த ஒலியைத்) தேர்ந்தெடுத்தாலும் ஒரே குப்பைச் சத்தம். சிப்தான் கெட்டது என்று நினைத்து இன்னொன்று போட்டேன், அதுவும் அப்படியே. ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: பல முகவரிகளைப் படித்து முடிக்கும் வரை அந்தப் பின் கீழேயே கிடந்தது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பிராசஸர் அனுப்பும் ஸ்ட்ரோப் சிக்னலோடு ஒரு லாஜிக் கேட் வழியாக அதைச் சேர்த்ததும் சரியானது. அதனால் சர்க்யூட் படத்தில் முதலில் அந்தப் பின் எங்கே போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, மின்னழுத்தம். பேட்டரி சர்க்யூட்டில் ஒரு டயோடு இருக்கும். அதைக் கடந்து வரும்போது 5 வோல்ட் ஏறக்குறைய 4.4 ஆகிவிடும். பழைய எஃப்ராம் சிப்பான எஃப்எம்1608-க்கு 4.5-க்குக் கீழே ஆகாது. எஃப்எம்16டபிள்யூ08 2.7-இலேயே வேலை செய்யும், அதையே வாங்குங்கள். எஃப்ராம் போட்டபின் பழைய பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், வீணாகத் தீரும்.

பழைய சிப்பை இழுத்துப் பிடுங்க வேண்டாம், டிரேஸ் கூடவே வந்துவிடும். கால்களை வெட்டிவிட்டு ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுங்கள், அப்புறம் சாக்கெட் வையுங்கள்.

மின்சாரம் இறங்கும்போது பிராசஸர் தாறுமாறாக எழுதாமல் தடுக்க, பழைய போர்டில் சிப் எனேபிளை அடைக்கும் ஒரு பகுதி இருக்கும். பேட்டரியோடு சேர்த்து அதையும் கழற்றிவிடாதீர்கள். முடித்ததும் இருபது முறையாவது அணைத்துப் போட்டு, ஒவ்வொரு பேட்சையும் வாசித்துக் கேளுங்கள்.