நடிகர் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

நீங்கள் மனதில் வைத்திருக்கும் தூத்துக்குடி உப்பளப் படத்தின் கதைச் சுருக்கத்தை, யார் யார் நடிக்கலாம் என்ற பட்டியலோடு போட்டீர்கள். வந்த கருத்தெல்லாம் கதாநாயகி யார் என்ற சண்டையாகவே இருக்கிறது என்று வருந்தியிருக்கிறீர்கள். வாசித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கச் சுருக்கத்தில் பாதி நடிகர் பெயர்கள்தான்.

கங்காணியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது "பிரகாஷ்ராஜ் மாதிரி" என்ற இரண்டே சொற்கள். அந்தப் பெயரை அடித்துவிட்டால் அங்கே ஆளே இல்லை. அவன் கூலியை எப்படிக் கையில் கொடுக்கிறான், எண்ணியா, எறிந்தா? அதை எழுதுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லாதது வியப்பு. உச்சக் காட்சியில் கார்த்திகை மாத அடைமழையில் பெண்கள் உப்பு வாருகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும், உப்பு விளையாது, வேலையும் இராது. உங்கள் கதைக்கு அதுதான் வரப்பிரசாதம்: கூலியில்லாத அந்த மாதங்களில்தான் முன்பணக் கடன் கழுத்தை நெரிக்கும். சண்டையை அங்கே வையுங்கள்.

நகைச்சுவை நடிகரை அப்பாவாகப் போட்டதைக் கேலி செய்தவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். 1965இல் 'நீர்க்குமிழி'யில் பாலசந்தர் நாகேஷைத்தானே நாயகனாக்கினார்? உங்கள் பட்டியலில் எனக்குப் பிடித்ததே அந்தத் தேர்வுதான்.

பெயர்களை நீக்கித் திருத்திய சுருக்கத்தை மறுபடி போடுங்கள். கதாநாயகி யாரென்று அப்புறம் அடித்துக்கொள்ளலாம், நானும் வருகிறேன்.