பவுடர் மது: பை இலேசாகுமா, பர்ஸ் மட்டும் இலேசாகுமா?

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்களோடு மலையேறப் போகிறேன். தண்ணீரில் கலக்கினால் மதுவாகிவிடும் பவுடர் பாக்கெட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றனவாம். பாட்டில் உடையாது, எடையும் குறைவு என்கிறார்கள். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? வாங்கலாமா?

பதில்: இருக்கிறது. ஆனால் வாங்காதீர்கள். முதலில், அந்த எடைக் கணக்கே சரியில்லை.

பாலில் தண்ணீரை ஓட்டிவிட்டால் பால் பவுடர் மிஞ்சும். மதுவில் அது நடக்காது. மதுவில் உள்ள ஆல்கஹாலான எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால், காய்ச்சினால் முதலில் பறப்பது அதுதான். உறையவைக்கலாமென்றால் மைனஸ் 114 டிகிரி வரை போகவேண்டும். அதனால் வேறு வழியைப் பிடித்தார்கள். மாவுச்சத்திலிருந்து தயாரிக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள், தன் எடையில் சுமார் 60 சதவீதம் வரை ஆல்கஹாலை உறிஞ்சிக்கொண்டு, அப்போதும் தூளாகவே இருக்கும். தண்ணீரில் கரைத்தால் ஆல்கஹால் வெளியே வந்துவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 14 கிராம் ஆல்கஹாலைப் பிடித்துவைக்க 23 கிராம் தூளாவது வேண்டும். மொத்தம் 37 கிராம். அதே 14 கிராம் ஆல்கஹால் 44 மில்லி வோட்காவிலும் இருக்கிறது. அதன் எடை 42 கிராம்தான். ஐந்து கிராம் மிச்சம் பிடிக்கவா இவ்வளவு பாடு? கண்ணாடி பாட்டில்தான் பாரம் என்றால் பிளாஸ்டிக் பாட்டில் போதுமே.

அடுத்தது, உங்களுக்கு விற்பவர் யார் என்பது. இந்த வகையில் பெரிதாகப் பேசப்பட்டது அமெரிக்காவின் பால்கஹால். 2014 ஏப்ரலில் அதன் லேபிள்களுக்கு அனுமதி கொடுத்த மத்திய அரசு அமைப்பு, இரண்டு வாரத்துக்குள் ‘தவறுதலாகக் கொடுத்துவிட்டோம்’ என்று திரும்ப வாங்கிக்கொண்டது. 2015 மார்ச்சில் மறுபடி அனுமதி கிடைத்தது. ஆனால் கடைக்கு வரும் முன்பே பல மாநிலங்கள் வரிசையாகத் தடை போட்டுவிட்டன. முறையாக அனுமதி வாங்கிய சரக்கின் கதியே இதுவென்றால், இணையத்தில் யாரோ விற்கும் பொட்டலம் என்னவாக இருக்கும்? பெரும்பாலும், மதுவோடு கலப்பதற்கான வெறும் சுவைத்தூளாகத்தான் இருக்கும். ‘ஆல்கஹால் சேர்த்துக்கொள்ளவும்’ என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். அப்படியில்லாமல் உண்மையிலேயே ஆல்கஹால் இருந்து, தயாரித்தவர் பெயரும் சதவீதமும் இல்லையென்றால் அது இன்னும் மோசம். அதில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தாலும் மோந்துபார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: இந்தத் தூளை மூக்கில் உறிஞ்சுகிறார்கள், அடுத்தவர் கோப்பையில் தெரியாமல் தூவிவிடுகிறார்கள் என்றெல்லாம் படித்தேன். கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான், பயமாக இருக்கிறது.

பதில்: அந்த இரண்டும் கொஞ்சம் மிகைதான். ஒரு பெக் போதைக்குக் கைநிறையத் தூளை மூக்கில் ஏற்றவேண்டும், எரிச்சல் தாங்காது. கோப்பையில் தூவினாலும் அவ்வளவு தூள் சட்டென்று கரையாது. தெரியாமல் கலக்க நினைப்பவனுக்குத் திரவ மதுவே வசதி.

நான் கவலைப்படுவது அளவைப் பற்றி. பால்கஹால் பாக்கெட் ஒன்றுக்குச் சுமார் 180 மில்லி தண்ணீர் என்று திட்டம். அதே தண்ணீரில் மூன்று பாக்கெட்டைக் கொட்டினால் யார் தடுப்பார்கள்? பீரிலோ வோட்காவிலோ கரைத்தால்? இனிப்பும் பழச்சுவையும் காரத்தை மறைத்துவிடும். எவ்வளவு உள்ளே போனது என்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். மகனிடம் பேசுவதாக இருந்தால் மூக்கை விட்டுவிட்டு இதைப் பேசுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜூஸ் பவுடர் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும். குழந்தைகளுக்கு ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தூள்தானே, விமானத்தில் திரவக் கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாதே?

பதில்: பொருந்தாமல் போகலாம், ஆனால் போய் இறங்கும் இடத்தின் மதுச் சட்டம் பொருந்தும். ஜப்பானில் கரைத்துக் குடிக்கும் தூளையும் மதுவாகவே கணக்கில் எடுத்து வரி போடுகிறார்கள். அமெரிக்க விமானங்களில் ஊழியர் பரிமாறாத மதுவைக் குடிப்பதே விதிமீறல். தூள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.