பேகலும் அங்கவடியும்

கேள்வி: வளைய வடிவ ரொட்டியான பேகலுக்கு அந்தப் பெயர் வந்தது, 1683இல் துருக்கியர் முற்றுகையிலிருந்து வியன்னாவை மீட்ட போலந்து அரசர் சோபியெஸ்கியின் குதிரை அங்கவடியால்தான் (ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) என்று படித்தேன். பேகல் என்ற சொல்லைத் தந்த, ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் என்பதே ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் கெட்டுப்போன ஜெர்மன்தான் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. சரியா?

பதில்: இரண்டுமே தவறு. முதலாவதைத் தேதியே வீழ்த்திவிடுகிறது. கிராக்கோவ் நகர யூதர்கள் 1610இல் வகுத்த சமூக விதிகளில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பண்டமாகப் பேகல் வந்துவிட்டது. வியன்னா முற்றுகைக்கு 73 ஆண்டு முந்தைய ஏடு அது. வளையம், காப்பு என்று பொருள்படும் இடைக்கால ஜெர்மன் சொல்தான் ரொட்டிக்குப் பெயராயிற்று. அங்கவடிக்கான ஜெர்மன் சொல்லும் 'வளைதல்' என்ற அதே வேரில் பிறந்தது. ஒலி ஒத்திருந்ததால் யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சொல்லுக்கு மூலம் சொல்லும் எந்தக் கதையைக் கேட்டாலும், அந்தச் சொல் முதன்முதலில் எந்த ஏட்டில், எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

'கெட்டுப்போன ஜெர்மன்' என்ற பேச்சுதான் எனக்கு வருத்தம் தருகிறது. அந்த மொழியைப் பேசியவர்களே ஒரு காலத்தில் அதை நம்பி, தங்கள் தாய்மொழியை 'ழார்கோன்' (கொச்சைப் பேச்சு) என்று தாழ்த்திச் சொன்னார்கள். 1908இல் செர்னோவிட்ஸ் நகரில் மாநாடு கூட்டி, இது யூத மக்களின் தேசிய மொழிகளுள் ஒன்று என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது.

யித்திஷ் இன்றைய ஏட்டு ஜெர்மனிலிருந்து (எழுத்தில் வழங்கும் பொது ஜெர்மன்) பிரிந்ததல்ல. அதன் வேர் இடைக்கால ஜெர்மன் வட்டார வழக்குகளில் இருக்கிறது. தேதி தெரிந்த மிகப் பழைய யித்திஷ் வாக்கியம் வோர்ம்ஸ் நகரப் பிரார்த்தனை நூலில் 1272இல் எழுதப்பட்டது. ஒரு ஹீப்ரு சொல்லின் பெரிய எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தில், பொடி எழுத்தில் எழுதிச் செருகியிருக்கிறார்கள்: இந்த நூலைத் தொழுகைக் கூடத்துக்குச் சுமந்து செல்பவருக்கு நல்ல நாள் வாய்க்கட்டும். அதில் நூலுக்கும் தொழுகைக் கூடத்துக்கும் ஹீப்ருச் சொற்கள், மற்றவை ஜெர்மன். ஏட்டு ஜெர்மனை வளர்த்த, கிறித்தவச் சீர்திருத்தவாதி லூதரின் முழு பைபிள் வந்ததோ 1534இல். அதற்கு 262 ஆண்டு முன்னரே இருந்த ஒன்று, அதைக் கெடுத்துப் பிறந்திருக்க முடியாது.

சொற்களைப் பாருங்கள். 'இன்று' என்பதற்கு ஜெர்மனில் 'ஹொய்டெ', யித்திஷில் 'ஹைன்ட்'. இது 'ஹொய்டெ'யின் திரிபல்ல. 'இந்த இரவு' என்று பொருள்பட்ட வேறொரு பழஞ்சொல். தலை ஜெர்மனில் 'கோப்ஃப்', யித்திஷில் 'கோப்'. ஆப்பிள் 'அப்ஃபெல்', யித்திஷில் 'எப்ல்'. குதிரை 'ப்ஃபேர்ட்', யித்திஷில் 'ஃபெர்ட்'. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் 'ப்' நிற்கிறது, முதலில் 'ஃப்' நிற்கிறது. இவ்வளவு ஒழுங்காக மாறுவதைக் கெடுதல் என்று சொல்வது நியாயமில்லை.

யித்திஷ் வகுப்புகளில் ஒரு வாக்கியம் சொல்லித் தருவார்கள்: 'நோக்ன் பென்ட்ஷ்ன் ஹாட் டெர் ஸெய்டே கெகொய்ஃப்ட் அ ஸெய்ஃபெர்.' சாப்பிட்டு முடித்து நன்றி வேண்டுதல் சொன்னபின் தாத்தா ஒரு சமய நூல் வாங்கினார் என்று பொருள். 'பென்ட்ஷ்ன்' லத்தீன் வழி வந்தது. ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரைக்கு வந்து குடியேறிய யூதர்கள் கொண்டுவந்த, லத்தீனிலிருந்து கிளைத்த பழைய மொழியின் மிச்சம். 'ஸெய்டே' ஸ்லாவியம் (போலிஷ், ரஷ்யன் போன்றவற்றின் குடும்பம்), 'ஸெய்ஃபெர்' ஹீப்ரு, மற்றதெல்லாம் ஜெர்மன். யித்திஷில் புத்தகத்துக்கு 'புக்' என்ற ஜெர்மன் சொல்லும் உண்டு. ஆனால் கதைப் புத்தகம்தான் 'புக்'. யூத மறைநூலான தோராவும் அதன் உரைகளும் 'ஸெய்ஃபெர்'. இரண்டு ஊற்றிலிருந்தும் சொல் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறது இந்த மொழி. எனக்கு யித்திஷில் மிகவும் பிடித்த குணம் இதுதான்.

நீங்களே மூலம் தேட விரும்பினால் எழுத்துக்கூட்டலில் தொடங்குங்கள். ஹீப்ரு, அதற்கு நெருங்கிய பழைய மொழியான அராமியம் ஆகியவற்றின் மூலச் சொற்கள் அவற்றின் பழைய வடிவிலேயே எழுதப்படும், மற்றவை ஒலிப்படி. உண்மை என்று பொருள்படும் 'எமெஸ்' அலெஃப், மெம், தாவ் என்ற மூன்றே எழுத்து. உயிரொலிக்கு எழுத்தே கிடையாது. சோவியத் அச்சகங்களில் வந்த புத்தகமானால் இந்தச் சோதனை உதவாது. அங்கே ஹீப்ருச் சொல்லையும் ஒலிப்படி எழுத வைத்தார்கள். அதே சொல் ஆயின், மெம், ஆயின், ஸாமெக் என்று நான்கெழுத்தாகிவிடும். ஆகவே முதலில் புத்தகம் அச்சான ஊரைப் பாருங்கள்.

விகுதியை நம்பி மூலம் சொல்வதும் ஆபத்து. 'பொயெர்' (குடியானவர்) ஜெர்மன் சொல். அதன் பன்மை 'பொயெரிம்', ஹீப்ரு விகுதி. திருடுவது 'கன்வெனென்', வேர் ஹீப்ரு, வினை விகுதி ஜெர்மன். மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் 'மேவன்' கருவியின் பெயரும் யித்திஷ் சொல்தான். 'புரிந்துகொள்பவர்' என்ற ஹீப்ருச் சொல் யித்திஷில் 'மெய்வ்ன்' ஆகி, ஒன்றில் தேர்ந்த ரசனையும் ஞானமும் உள்ளவரைக் குறித்து, ஆங்கிலத்துக்குப் போனது.

சில சொற்களுக்கு முடிவு கிடைக்கவில்லை. தொழுகையைக் குறிக்கும் 'டாவெனென்' லத்தீன் என்கிறார்கள், அராமியம் என்கிறார்கள், எதுவும் நிலைக்கவில்லை. அதற்கு ஒரே மூலத்தை அடித்துச் சொல்லும் ஆர்வலரை நம்பாதீர்கள்.

அகராதிகளிலும் எச்சரிக்கை தேவை. நாஜிகளின் படுகொலையில் இந்த மொழியைப் பேசியவர்கள் லட்சக்கணக்கில் மாண்டபின், எஞ்சியவர்கள் நியூயார்க்கில் பெரும் அகராதி ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினார்கள். 1961 முதல் 1980 வரை நான்கு பெரிய தொகுதிகள் வந்தன. வினைமுன்னொட்டுகள் பலவும் முதல் எழுத்தான அலெஃபில் தொடங்குவதால் நான்கு தொகுதியும் அந்த ஓர் எழுத்துக்கே போயிற்று. வேலை அதோடு நின்றது. பேகல் தொடங்குவது இரண்டாம் எழுத்தான 'பெய்ஸ்'இல்; அதை அந்த அகராதியில் தேடாதீர்கள்.