தீபாவளி நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது என்று கேட்டவருக்கு

"தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வருவதில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் இப்படி? ஊருக்குப் போகாமலே இருந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். ஆயுத பூஜைப் பொரி தின்று முடித்த மறுவாரமே முகம் மாறிப்போகிறவர்கள் எங்கள் கம்பெனியில் நிறையப் பேர். வெளியே சொல்ல மாட்டார்கள். கேஸ் என்பார்கள், பித்தம் என்பார்கள், சரியாகத் தூங்கவில்லை என்பார்கள். அடுத்த மாதம் போனால் அதே ஆட்கள் நன்றாக இருப்பார்கள்.

உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கிறவர், வீட்டில் மூத்தவர், பணம் உங்களிடமிருந்துதான் போயாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பண்டிகை என்றதும் புதுத்துணியும் பலகாரமும் நினைவுக்கு வருவதற்கு முன் கணக்கு நினைவுக்கு வருகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. நான் நினைத்தது தப்பென்றால் விட்டுவிடுங்கள். உடம்பைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது எல்லாருக்கும் பொதுதான்.

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். செய்முறை என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விசேஷ வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, திருப்பிச் செய்யும்போது அதற்குக் குறையாமல் செய்கிற ஊர் எங்களுடையது. அப்பா இல்லை. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எங்கள் பக்கம் பொங்கல் சீர்தான் பெரிது என்றாலும், தீபாவளிக்கும் இரண்டு வீட்டுக்கும் ஜவுளி, பலகாரம், பிள்ளைகளுக்குப் பட்டாசு, கையில் கொஞ்சம் பணம் என்று போய்ச் சேர வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு படி கூடினால் அடுத்த வீட்டுக்கும் கூடும்.

2022-இல் சின்னவளுக்குத் தலைதீபாவளி. அதே வருடம்தான் நூல் விலை எக்கச்சக்கமாக ஏறித் திருப்பூரே திணறியது. ஆர்டர் குறைந்தது, ஓவர்டைம் இல்லை. மாப்பிள்ளைக்கு மோதிரமா சங்கிலியா என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும். வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொண்டு படுத்திருப்பேன். காலையில் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரி கேட்டால் ஒன்றுமில்லை என்பேன்.

அந்த அக்டோபரில் ஒரு நாள், பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது விரல் நுனியெல்லாம் மரத்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போல அடித்தது, மூச்சு பத்தவில்லை. அப்பாவும் நெஞ்சு வலியில்தான் போனார். எனக்கும் அதுதான் என்று நினைத்தேன். என் முடிவு வந்துவிட்டது என்றே நம்பினேன். செக்கிங்கில் இருக்கிற தம்பி பைக்கில் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். இசிஜி எடுத்தார்கள். சரியாக இருந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். நிதானமாக உட்கார்ந்து விளக்கினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் தருகிறேன். பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயார் ஆவதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாக ஓடுகிறது. நாம் எங்கும் ஓடாமல் நின்ற இடத்திலேயே வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகும். விரல் மரப்பதும், உதடு சுறுசுறுவென்று ஆவதும், தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும். அந்த நேரத்தில் இன்னும் வேகமாக மூச்சை இழுக்கக் கூடாது. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்க வேண்டும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். எனக்கு இது வேலை செய்கிறது. பஸ்ஸில், துணிக்கடை வரிசையில், எங்கே வந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது சண்டைக்கு வருவார்கள். நெஞ்சு வலி வந்தால் இது பயம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு கூடினாலும் இரத்தசோகை இருந்தாலும்கூடப் படபடப்பு வரும். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நான் சொல்வதெல்லாம்.

அந்த டாக்டர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, காசு கிடையாது. பைத்தியக்காரர்கள் போகிற இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு டீச்சர், ஒரு லாரி டிரைவர், பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையன் இருந்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் அல்பிரசோலம் என்கிற பதற்றம் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அது பழகிவிட்டால் விடுவது கஷ்டம். தயவுசெய்து அந்த வழி வேண்டாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. வாழவே வேண்டாம் என்கிற எண்ணம் வந்தால் ஒரு இரவுகூடப் பொறுக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். இந்த வரியை நான் சும்மா எழுதவில்லை.

அங்கே கவுன்சலிங் கொடுத்தவர், என்னென்ன செலவு என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையைப் போடச் சொன்னார். பாதி இடத்தில் என்னால் போட முடியவில்லை. ஏனென்றால் அந்தத் தொகைகள் எங்கள் வீட்டில் பேசப்பட்டதே இல்லை. மாப்பிள்ளைக்கு எவ்வளவு, மாமியார் வீட்டுக்கு எவ்வளவு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசி வாரத்தில் ஊர் என்ன பேசுமோ அதைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போகும். கடன் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தொகையை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள், பிறகு புரட்டாசியிலேயே வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்வது சுலபம் இல்லை. 2023-இல் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "எப்பா, ஊருல என்ன பேசுவாங்க?" என்றார். "ராத்திரி நான் தூங்காம கெடக்குறது ஊருக்குத் தெரியாதும்மா, ஒனக்குத் தெரியணும்" என்றேன். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதையே அவரிடம் சொன்னேன். அழுதார். பெரிய தங்கை, "அண்ணே, துணி எடுக்காத. நீ எடுக்குற சட்டை எதுவும் இவருக்குப் பத்துறதில்ல. முடிஞ்சதப் பணமாக் குடு, பிள்ளைக பீஸுக்கு ஆகும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சின்னவள் அப்படி இல்லை. "அவங்க வீட்டுல கேட்டா நான் என்னண்ணே சொல்றது?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பேச்சு வாங்கப்போவது அவள்தானே. அதனால் அவளைச் சொல்லவிடாமல் நானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளை, இந்த வருசம் இவ்வளவுதான் முடியும், தங்கச்சிய எதுவும் கேக்காதீங்க, கேக்கணும்னா என்னையக் கேளுங்க" என்றேன். "சரி மச்சான்" என்று வைத்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது வருகிறார், பேசுகிறார், ஆனாலும் முன்பிருந்த நெருக்கம் இல்லை. இதை மறைத்துவிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வருடம் ஐப்பசியில் நான் தூங்கினேன்.

சொத்தில் பங்கு கொடுக்காமல் சீரையும் குறைக்கிறான் பார் என்று சிலர் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண் பிள்ளைகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. எங்களிடம் இருப்பது கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் மூன்று பேருக்கும் பங்கு உண்டு, அதை அம்மா முன்னால் பேசி எழுதியும் வைத்தாயிற்று. சீரே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். கடன் வாங்காமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். போனஸ். 1965-ஆம் வருடப் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வைத்தது. வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்றும் சொன்னது. ஆனால் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்களுக்கு அவர் கொடுப்பதுதான் போனஸ். அதுவும் எவ்வளவு என்று கடைசி இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். அதற்கப்புறம் ஒரே ராத்திரியில் குமரன் ரோட்டில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். கணக்கு வருடம் மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது. ஆயுத பூஜை அன்றைக்குச் சதவீதத்தை அறிவித்தால் என்ன? சரக்கு வாங்குகிற பையருடைய பணம் வரத் தாமதமாகும், முதலாளிக்கும் கஷ்டம் என்று எனக்கும் தெரியும், அவர்களோடுதான் தினமும் வேலை செய்கிறேன். பணத்தைப் பிறகு கொடுங்கள், எவ்வளவு என்பதை முன்னால் சொல்லுங்கள். எத்தனையோ பேருடைய படபடப்பு அதிலேயே பாதி குறையும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டீயைக் குறையுங்கள். பண்டிகைக்கு முன்னால் ஃபுல் நைட் ஓடும்போது நாங்கள் தண்ணீரைவிட டீதான் அதிகம் குடிப்போம். ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சை அது இன்னும் தூண்டிவிடும். மாலையில் டீ காபி நிறுத்தியதில் எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. மது குடித்தால் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி ராத்திரியில் முழிப்பு வரும், மறுநாள் பயம் கூடும். வெடிச் சத்தம் உங்களைத் தொந்தரவு செய்தால், காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்றுதான் தமிழகத்தில் நேரம் கொடுத்து வருகிறார்கள். யாரும் முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், அந்த நேரத்தில் உள் அறையில் இருந்துகொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இது மொத்தமாகப் போய்விட்டதா என்றால் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற எல்லாருக்கும் வயிறு கலங்கியது, எனக்கும் ராத்திரி இரண்டு மணி முழிப்பு திரும்ப வந்தது. தாளை எடுத்துத் தொகையை எழுதினேன், புரட்டாசி முதல் வாரத்திலேயே இரண்டு தங்கைகளுக்கும் சொல்லிவிட்டேன், டாக்டரையும் ஒரு தடவை பார்த்து வந்தேன்.

ஊருக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்று கேட்டீர்கள். ஒரேயடியாகப் போகாமல் இருந்தால் அடுத்த வருடம் போவதற்கு இன்னும் பயமாக இருக்கும், கவுன்சலிங்கிலும் அதையே சொன்னார்கள். நான் இப்போது தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, பிள்ளைகளோடு திருப்பூரிலேயே இருந்துவிடுகிறேன். மறுநாள் கிளம்புகிறேன். பண்டிகைக்கு முந்தின இரண்டு ராத்திரியும் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது, ஒட்டன்சத்திரம் வரை நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். மறுநாள் மதியம் போனால் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் லீவு இருப்பதால் முடிகிறது. உங்களுக்கு லீவு குறைவென்றால் ஒரு ராத்திரி மட்டும் தங்கிவிட்டு வாருங்கள். எப்போது வருவீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்பதை இப்போதே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டில் நம்புகிற ஒருவரிடமாவது உங்களுக்கு இப்படிப் படபடப்பு வருகிறது என்பதையும் சொல்லி வையுங்கள். நடுவில் எழுந்து வெளியே போய் நின்றால் அவர் மற்றவர்களைச் சமாளித்துக்கொள்வார். எனக்கு அதைச் செய்வது பெரிய தங்கைதான்.