கடற்கரையில் பழைய மின்சாரக் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் பழைய மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டு முதல் மாதத்திலேயே திகைத்து நிற்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் வாகன மின்பணி செய்வது என் தொழில். 2023ஆம் ஆண்டில் நானும் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கி, உச்சிப்புளி வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே அன்றாடம் ஓட்டிவருகிறேன். சென்னையிலும் கோவையிலும் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதிதான் நமக்குப் பொருந்துகிறது. மீதியை உப்புக்காற்றும் மணல் தரையும் முடிவு செய்கின்றன என்பதை இந்த ஆண்டுகளில் கண்டிருக்கிறேன்.

கேள்வி (கீழக்கரை, ஆசிரியை): ஐயா, 2021ஆம் ஆண்டின் டாடா நெக்ஸான் ஈவி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேட்டரி புதியது போல இருப்பதாக விற்பவர் சொல்கிறார். அதை நாங்கள் எப்படி உறுதி செய்வது?

பதில்: விற்பவரின் சொல்லையும், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரையில் தெரியும் ரேஞ்ச் எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள், அம்மா. திரையில் வரும் எண், கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துக் கார் போடும் கணக்குதான். பேட்டரிக்குள் எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. அந்த ஆண்டு நெக்ஸானின் பேட்டரி புதிதில் 30.2 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. முதலில் காரை ஒரு முறை நூறு விழுக்காடு வரை சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். இந்த வகைப் பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல் கொண்டது. பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், நெடுநாள் முழு சார்ஜ் செய்யப்படாத காரில் திரை காட்டும் விழுக்காடு பிசகியிருக்கும். முழு சார்ஜுக்குப் பிறகு இருபது விழுக்காடு வரை ஓட்டி, மீண்டும் நூறு வரை ஏற்றி, கரண்டு மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சார்ஜரில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதாகக் கொண்டால், புதிய பேட்டரிக்கு அந்த எண்பது விழுக்காட்டை நிரப்ப 26 முதல் 27 யூனிட் தேவைப்படும். 22 யூனிட்டிலேயே நிரம்பிவிட்டால், பேட்டரியின் கொள்ளளவு எண்பது விழுக்காட்டை ஒட்டிக் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இது பட்டறைக் கருவியின் துல்லியம் கொண்டதன்று. ஆனாலும் விலை பேச இது போதும். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை ஒன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சோதனையை யாரும் செய்வதில்லை. எனக்கு அதுவே முக்கியம். சார்ஜிங் நிலையத்துக்கு அருகிலேயே சுற்றிச் சுற்றி ஓட்டி, சார்ஜைப் பத்து விழுக்காடு வரை இறக்கிப் பாருங்கள். பெரிய பேட்டரி பல சிறு செல்கள் சேர்ந்தது; உள்ளே ஒரு செல் மட்டும் நலிந்திருந்தால், இருபதுக்குக் கீழே வந்ததும் எண் படிப்படியாக இறங்காமல் திடீரென்று விழும். அத்தகைய காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

கேள்வி (பாம்பன், படகு உரிமையாளர்): அண்ணே, எங்கள் ஊரில் இரும்புக் கதவே இரண்டு ஆண்டில் அரித்துவிடுகிறது. இந்தக் காரில் துருவை எங்கே தேடுவது?

பதில்: காரை லிஃப்டில் தூக்கி அடியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அடியில் பேட்டரிப் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெட்டியின் விளிம்பு, ஆரஞ்சு நிறக் கேபிள்கள் வந்து சேரும் இணைப்புகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். உயர் வோல்டேஜ் ஓடும் அந்த ஆரஞ்சுக் கேபிள்களைக் கையால் தொடவோ அசைக்கவோ கூடாது. மேல்பூச்சில் படிந்த செம்பழுப்பு பெரிய குறையன்று. போல்ட்டின் தலை உருவிழந்து உதிர்ந்திருந்தால் அது குறை. அடுத்து சார்ஜ் செய்யும் வாயைத் திறந்து அதன் பின்களைப் பாருங்கள். பச்சை படிந்தோ கறுத்தோ இருந்தால் அங்கே தொடுகை நலிந்து சூடேறியிருக்கிறது. ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் முன்பக்கக் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் பொடிப்பொடியாக உதிர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதற்கும் அதே ஏ.சி.தான் உதவுகிறது.

பிரேக் டிஸ்க்கைத் தனியாகச் சொல்கிறேன். மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேமிப்பதால், பிரேக் பேட் டிஸ்க்கை உரசுவதே குறைவு. கடலுக்குத் தொலைவான ஊர்களில் இது பேட் தேயாத வசதி. நம் கடற்கரையில் உப்பு ஏறிய டிஸ்க் உரசப்படாமலே துருப்பிடித்துக் குழி விழுந்துவிடுகிறது. பாம்பனில் ஓடப்போகும் காரில் வாரத்துக்கு ஒரு நாளாவது, பின்னால் வண்டி வராத இடத்தில், மோட்டார் பிடிப்பைக் குறைந்த நிலைக்கு மாற்றிக்கொண்டு பிரேக்கை நன்றாக மிதித்துச் சில முறை நிறுத்துங்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வந்தால் மறுநாளே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். தீவில் பல கிணறுகள் உவர். உவர் நீரில் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகிவிடும். வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரை இணைப்புகளின் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டே காரை விடுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): சென்னையிலிருந்து ஒரு கார் சந்தை விலையைவிட மிகக் குறைவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற காராக இருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் நியாயமானது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன; அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் மூழ்கின. பேட்டரிப் பெட்டிகளுக்குத் தரப்படும் ஐ.பி.67 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டு நாள் சேற்று நீரில் நின்றதற்கு அது பொருந்தாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிமுனையில் வண்டல் கறை இருக்கும். இருக்கையின் அடியில் உள்ள போல்ட்டுகளும், பின்பெட்டித் தரைவிரிப்பின் அடிப்பள்ளமும் பொய் சொல்லாது. காப்பீட்டுக் கோரிக்கை வரலாற்றையும் சர்வீஸ் பதிவையும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம், விடுதி நடத்துபவர்): பச்சை நம்பர் பிளேட்டில் சில கார்களுக்கு வெள்ளை எழுத்தும் சிலவற்றுக்கு மஞ்சள் எழுத்தும் இருக்கின்றனவே?

பதில்: வெள்ளை எழுத்து சொந்தப் பயன்பாட்டுக்கு, மஞ்சள் எழுத்து வாடகைக்கு. வாடகைக்கு ஓடிய கார், பேட்டரியைத் தேய்க்கக்கூடிய விரைவு சார்ஜரில் நாள்தோறும் ஏற்றப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. உத்தரவாத விதிகளும் அதற்கு வேறாக இருக்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டு வெள்ளை எழுத்துடன் வருவதும் உண்டு என்பதால், பழைய பதிவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): வாங்கி நான்காம் நாள் கார் உயிரற்றுக் கிடக்கிறது. முந்தைய இரவு எழுபது விழுக்காடு சார்ஜ் இருந்தது. பெரிய பேட்டரி போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. மின்சாரக் காரிலும் பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, திரை, கணினி எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சைப் போடுவதற்கும் அந்தச் சிறு பேட்டரியின் மின்சாரமே வேண்டும். ஆகவே சிறியது படுத்தால், பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் எழுந்திருக்காது. எனக்கும் இதுவே நேர்ந்தது. கார் வாங்கிய இரண்டாம் வாரம், தொண்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினால் கதவே திறக்கவில்லை. விற்றவரை அழைத்தால் பெரிய பேட்டரியில் கோளாறு இருக்கும் என்று சொல்லி எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். சாவிக்குள் இருந்த இரும்புத் துண்டால் கதவைத் திறந்து, முன்மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, 12 வோல்ட் பேட்டரியில் வயர் இணையும் முனையான டெர்மினலில் விரல் கனத்துக்குப் பச்சை உப்பு பூத்திருந்தது. சுடுநீர் ஊற்றிக் கழுவி, இறுக்கி, கிரீஸ் தடவியதும் கார் எழுந்தது.

நீங்கள் முதலில் டெர்மினலைப் பாருங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அந்தப் பேட்டரி முழுதும் இறங்கியிருக்கிறது. வெளிச் சார்ஜரில் ஏற்றியும் மறுநாள் மீண்டும் இறங்கினால் மாற்றிவிடுங்கள். கார் இயங்கும் நிலையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், பெரிய பேட்டரியிலிருந்து சிறியதை நிரப்பும் கன்வெர்ட்டரில் குறை இருக்கிறது, அதைச் சர்வீஸ் நிலையத்தில்தான் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு கடந்த பழைய கார் வாங்கும் எவருக்கும், முதல் வாரத்திலேயே சிறு பேட்டரியைப் புதிதாகப் போட்டுவிடும்படி சொல்கிறேன்.

கேள்வி (பெரியபட்டினம்): பொது நிலையத்தில் சார்ஜ் ஏறுகிறது. வீட்டில் காருடன் வந்த சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. கார் குறையா, சார்ஜர் குறையா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, உங்கள் வீட்டு எர்த்தில் குறை. நம் பகுதியில் முதல் மாதத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதி இதுவே. சார்ஜர் ஒவ்வொரு முறையும் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரத்தை விடுகிறது. மேட்டு மணலில் கோடையில் ஈரமே இல்லாததால் எர்த் பிடிப்பதில்லை. கடலை ஒட்டிய தாழ்வில் உவர் ஈரம் இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் குழியில் இறக்கிய இரும்புக் குழாய் சில ஆண்டுகளில் அரித்துத் தொடர்பு அறுந்துவிடும். இருபது ஆண்டுக்கு முன் வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்று பெயருக்கே இருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். மூன்றுக்குள் இருந்தால் நல்லது. மிகுதியாக இருந்தால் செம்புத் தண்டோ ரசாயன எர்த்தோ புதிதாக இறக்குங்கள். எர்த்தை ஏமாற்றும் அடாப்டர் ஒன்று விற்கிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தை ஈரக் கையோடு காரைத் தொடக்கூடும் என்பதை நினைத்து, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

எர்த்தோடு வயரையும் பாருங்கள். 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் சார்ஜர், ஏறக்குறைய 3 கிலோவாட்டை எட்டு, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். மோட்டாருக்கு என்று போட்ட பழைய சாக்கெட் இதைத் தாங்காமல் உருகிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, தனி பிரேக்கர், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவை இருக்கட்டும். முதல் இரவு சார்ஜ் ஏறும்போது ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (தொண்டி): கரண்டு பில் எவ்வளவு ஏறும்?

பதில்: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் என்ற கணக்கில், இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய 150 யூனிட் ஆகும், இரண்டு மாதத்துக்கு 300. வீட்டு இணைப்பில் இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளின் விலைப்படியும் மாறிவிடுவதால், உங்கள் பழைய பில்லை எடுத்து அந்த எல்லையை முதலில் பாருங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): அம்மாவை மாதம் ஒரு முறை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரே சார்ஜில் போய்ச் சேர முடியுமா?

பதில்: தங்கச்சிமடத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பழைய நெக்ஸானுக்கு அரசுச் சோதனைச் சான்றில் 312 கிலோமீட்டர் என்று இருந்தாலும், சாலையில் புதிதிலேயே 200 முதல் 220 வரைதான் கிடைக்கும். பேட்டரி பதினைந்து விழுக்காடு தேய்ந்திருந்தால் 170 முதல் 185 வரை. ஏ.சி.யும், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எதிராகவும் பக்கவாட்டிலும் அடிக்கும் மாதங்களும் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். போய்ச் சேரலாம், ஆனால் நோயாளி அம்மாவை வைத்துக்கொண்டு அந்த மிச்சத்தை நம்பிப் போக நான் துணியமாட்டேன். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, வழியில் அரை மணி நேரம் விரைவு சார்ஜ் செய்துகொள்ளுங்கள். எந்த நிலையம் அன்று வேலை செய்கிறது என்பதைச் செயலியில் காலையிலேயே பார்த்து, மாற்று நிலையம் ஒன்றையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி (மண்டபம்): காகிதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30, கடன் இருந்திருந்தால் படிவம் 35, வேறு மாநிலக் கார் என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். காப்பீட்டில் இழப்பீடு கேட்காததற்காகப் பழைய உரிமையாளர் பெற்ற கழிவான நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. பேட்டரிக்கான உத்தரவாதம் பல கார்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். ஆனால் அது காரின் முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா, எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் பெறுங்கள். முந்தையவரின் கைப்பேசிச் செயலியிலிருந்து காரை அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி (கீழக்கரை): என் கணவர் துபாய் திரும்புகிறார். அடுத்த ஆறு மாதம் காரை எடுக்க ஆளில்லை. எப்படி வைப்பது?

பதில்: பெரிய பேட்டரியை ஐம்பது விழுக்காட்டில் வையுங்கள், நூறிலும் வேண்டாம், பத்திலும் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டெர்மினல்களில் கிரீஸ் தடவுங்கள்; கழற்றும் முன் கதவைச் சாவியால் திறக்கும் முறையைக் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்த்து உப்பு ஈரம் தங்கும், ஆகையால் காற்றுப் போகும் துணி உறையாக இருக்கட்டும். கை பிரேக்கை இழுத்தே வைத்தால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை முனையை இணைத்து விழுக்காட்டைப் பார்த்து, முப்பதுக்குக் கீழே போயிருந்தால் மீண்டும் ஐம்பது வரை ஏற்றி, தெருவில் முன்னும் பின்னும் நகர்த்தி வையுங்கள்.