ஐஸ் தொழிற்சாலையின் மின்செலவை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: குருநகரில் சிறிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வருகிறேன். பருத்தித்துறையில் இதே தொழிலைச் செய்யும் என் மைத்துனருக்கு மாத மின்கட்டணம் எங்களுடையதிலும் குறைவாகவே வருகிறது. எங்கள் இயந்திரம் மின்சாரத்தை வீணாக்குகிறது என்று கொள்ளலாமா, ஐயா?
– வாசகர், குருநகர்

பதில்: கட்டணத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர வேண்டாம். நேரவாரிக் கட்டணம் உள்ள கைத்தொழில் இணைப்புகளில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகின் விலை கூடுதலாக இருப்பதால், ஒரே அளவு மின்சாரத்துக்கே இருவர் வெவ்வேறு தொகை செலுத்த நேரலாம். ஆகவே ரூபாயை விட்டுவிட்டு, ஒரு தொன் ஐஸுக்கு எத்தனை அலகு செலவாகிறது என்று பாருங்கள்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. உதாரணத்துக்கு, ஒரு மாதம் 40 தொன்னுக்கு 4,200 அலகும், மீன்பாடு குறைந்த இன்னொரு மாதம் 20 தொன்னுக்கு 2,700 அலகும் சென்றன என்று வைத்துக்கொள்வோம். தொன்னுக்கு முன்னதில் 105, பின்னதில் 135 அலகு. இயந்திரம் பழுதடைந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் கூடுதலாக உற்பத்தியான 20 தொன்னுக்குச் சென்றவை 1,500 அலகுகளே, அதாவது தொன்னுக்கு 75. அந்தக் கணக்கில் 40 தொன்னுக்கு 3,000 அலகு போக எஞ்சும் 1,200 அலகும், ஐஸ் எவ்வளவு உற்பத்தியானாலும் மாதந்தோறும் செலவாகிக்கொண்டே இருப்பவை. என் கணிப்பில், நீங்கள் முதலில் தேட வேண்டியது இந்த நிலையான செலவைத்தான். ஐஸ் அச்சுகளை அமிழ்த்தி வைக்கும் உப்புநீர்த் தொட்டியின் வெப்பக்காப்பு நனைந்தோ சிதைந்தோ போயிருந்தால், வெளியிலிருந்து நுழையும் வெப்பத்தை அகற்றவே இயந்திரம் இரவுபகலாக ஓட வேண்டியிருக்கும். ஒரே மாதத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், ஓர் ஆண்டின் மாதக் கணக்குகளை, தொன்னைக் கிடை அச்சிலும் அலகை நிலைக்குத்து அச்சிலும் வைத்து, வரைபுத்தாளில் புள்ளிகளாகக் குறித்து, அவற்றினூடாக ஒரு கோடு வரைந்து பாருங்கள்; தொன் பூச்சியமாகும் இடத்தில் அக்கோடு காட்டும் அலகே நிலையான செலவு.

கிணற்று நீரின் வெப்பநிலையும் கணக்கில் சேரும். 30 பாகை செல்சியஸிலுள்ள 1 கிலோ நீரை 0 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 126 கிலோயூலும், அதை உறையச் செய்ய 334 கிலோயூலும் வெப்பத்தை அகற்ற வேண்டும். ஓர் அலகு என்பது 3,600 கிலோயூல் ஆகையால், தொன்னுக்கு இது சுமார் 128 அலகு வெப்பம். குளிரூட்டும் இயந்திரம் வெப்பத்தை இடம் மாற்றுவதே அன்றி உண்டாக்குவதில்லை என்பதால், அதற்குத் தேவைப்படும் மின்சாரம் இதிலும் குறைவாக இருப்பது இயல்பே.

மைத்துனர் மின்வெட்டு வேளைகளில் டீசல் ஜெனரேற்றரை ஓட்டுபவராயின், அந்த மின்சாரம் அவருடைய கட்டணப் பட்டியலில் இராது. ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 10 அலகு வெப்ப ஆற்றல் இருந்தாலும், சிறிய ஜெனரேற்றர் அதிலிருந்து சுமார் 3 அலகு மின்சாரமே தரும். ஜெனரேற்றரின் வெளியீட்டில் ஒரு மீற்றரைப் பொருத்தி, அதன் அளவையும் சேர்த்த பிறகே இரு தொழிற்சாலைகளையும் ஒப்பிடுங்கள். ஐஸ் நிறையை அச்சிலிருந்து எடுக்கும்போது கணக்கிடுவதா, விற்கும்போது கணக்கிடுவதா என்பதையும் இருவரும் முன்கூட்டியே ஒருமித்துத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்; விற்பனைக் கணக்கை எடுத்தால் கிடங்கில் உருகிப்போனதும் இயந்திரத்தின் குறையாகவே தோன்றும்.