ஜெர்மனி வந்து ஆறு வாரம், தலை சுற்றுகிறதா?

“அக்கா, மனைவியோடும் மூன்று வயது மகளோடும் ஜெர்மனி வந்து ஆறு வாரம் ஆகிறது. ஆபீஸ், வீடு தேடல், ஜெர்மன் வகுப்பு, பாப்பாவுக்கு கிண்டர்கார்டன், ஊரிலிருந்து ஓயாமல் ஃபோன். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று விட்டுப்போகிறது. மேசையில் பத்துக் கடிதம் பிரிக்காமல் கிடக்கிறது, அதில் ஒன்று மஞ்சள் உறை. நீங்களெல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி, முதலில் எழுந்துபோய் அந்த மஞ்சள் உறையைப் பிரியுங்கள். மற்ற ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கட்டும். மஞ்சள் உறை என்றால் சட்டப்படி சேர்ப்பித்த கடிதம். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறை மேலேயே எழுதியிருப்பார். நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் கெடு அன்றிலிருந்தே ஓடும். அதனால் உறையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு இங்கே பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நானும் எல்லாவற்றையும் மண்டைக்குள்ளேயே வைத்துச் சுற்றியவள்தான். மதுரையில் அது செல்லும். ஒரு வேலை விட்டுப்போனால் யாராவது ஞாபகப்படுத்துவார்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து முடித்துவிடலாம். இங்கே ஞாபகப்படுத்துவது கடிதம் ஒன்றுதான். அதற்குப் பதில் போடாவிட்டால் அடுத்த கடிதம் அபராதத்தோடு வரும்.

நாங்கள் சூடுபட்டது விசா அட்டையில். “அடுத்த மாதம்தானே முடிகிறது” என்று இருந்துவிட்டு, மூன்று வாரம் இருக்கும்போது டெர்மின் (அலுவலகத்தில் நேரில் போக முன்பதிவு நேரம்) தேடினால் இரண்டரை மாதத்துக்கு ஒன்றுமே இல்லை. அட்டை முடிவதற்குள் விண்ணப்பம் போட்டுவிட்டதால் இங்கே இருக்கத் தடையில்லை. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்ப ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்று ஒரு தாள் வேண்டும் (பெயரைச் சொல்லிப் பழகவே ஒரு வாரம் ஆனது). அது நேரத்துக்கு வரவில்லை. அந்த மாதம் என் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை ஒன்றுவிட்ட மாமா மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். நாங்கள் வாட்ஸாப் வீடியோவில் பார்த்தோம். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

அதற்குப் பிறகுதான் சமையலறையில் ஒரு காலண்டர் மாட்டினேன். தமிழ்க் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர்தான். அமாவாசை, ராகு காலம், அதே கட்டத்தில் குப்பை வண்டி வருகிற நாள், எல்லாம் ஒன்றாக இருக்கும். கடைசித் தேதியை அதில் எழுதுவதில்லை, வேலையைத் தொடங்க வேண்டிய தேதியைத்தான் எழுதுவேன். அட்டை நவம்பரில் முடிகிறதென்றால் ஆகஸ்ட் கட்டத்தில் ‘டெர்மின் தேடு’. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறி 6 மாதம்தான் செல்லும், அதன்பின் எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டும் தேர்வும் எழுதியாக வேண்டும். கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் ‘டிரைவிங் ஸ்கூல்’ என்று இந்த மாதமே எழுதுங்கள்.

வீடு கிடைத்ததும் குடிபோன இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், சாவி வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். தபால் பெட்டியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் ஒட்டுங்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. மூன்றையும் ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் கடிதம் விழாது, 11 இலக்க வரி எண்ணும் தபாலில்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சுவரில் ஆணி அடித்தால்கூட பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். காகித வேலைக்கு அதைவிடத் தோதான நாள் கிடையாது. ஒரு பெரிய ஃபைல், துளை போடும் மெஷின், ஒரு மணி நேரம், போதும். ஃபோனில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று விஷயத்துக்கு மட்டும் கோடு போடுங்கள்: என்ன கேட்கிறார்கள், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். பத்தில் ஆறு சும்மா தகவல் கடிதமாக இருக்கும். விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவற்றைத் தனித் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். அவை அவர்கள் வேலை, ராத்திரி படுக்கையில் அவற்றை உருட்ட வேண்டாம்.

ஜெர்மன் வகுப்பு பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. வாரம் நான்கு மாலை வகுப்பு என்றால் மூன்று மாதம் தள்ளிவையுங்கள். நீங்கள் ப்ளூ கார்டில் (பட்டம் படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான அட்டை) வந்திருந்தால், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை இருந்தால் 21 மாதத்திலும் ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதத்திலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை அவகாசம் இருக்கிறது. தூக்கம் கெட்டுப் படித்த டெர், டி, டாஸ் (ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் சொற்கள்) எனக்கு ஒன்றுகூட மனதில் நின்றதில்லை.

ஊர் ஃபோனுக்கும் நாள் குறித்துவிடுங்கள். அம்மா காலை ஒன்பது மணிக்குக் காபி குடித்துவிட்டு அழைத்தால், கோடையில் உங்களுக்கு விடிகாலை ஐந்தரை. “சனிக்கிழமை உங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். என் அம்மா இரண்டு வாரம் கோபமாக இருந்தார், அப்புறம் சனிக்கிழமைக்கென்று கதைகளைச் சேர்த்துவைக்கத் தொடங்கிவிட்டார்.

பாப்பாவுக்கு கிண்டர்கார்டனில் இடம் கிடைத்தால், பழகுவதற்கென்று முதல் சில வாரம் அப்பாவோ அம்மாவோ கூடவே இருக்க வேண்டியிருக்கும். எங்கள் மகனுக்கு நான்கு வாரம் ஆனது. முழங்கால் தாடையில் இடிக்கிற அந்தக் குட்டி நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரங்களின் கட்டங்களில் வேறு எதையும் எழுதாதீர்கள், வீடு மாறுவதை நிச்சயம் எழுதாதீர்கள்.